தொப்பூர் இறக்கத்தில் ஒரு துபாஷி

தொப்பூர் இறக்கம் தொடங்கிவிட்டதை மூக்குதான் முதலில் சொல்லும். தருமபுரிப் பக்கமிருந்து பாரத்தோடு இறங்கும் லாரிகளின் பிரேக் லைனர் சூடேறிக் கருகும் வாடை, பாதி மலையில் காற்றோடு கலந்து நிற்கிறது. நியூட்ரலில் போகாதே, குறைந்த கியரில் இறங்கு என்று பலகைக்குப் பலகை கெஞ்சுகிறார்கள். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று இந்தச் சாலையில் எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்த சில இடங்கள் உண்டு. அவற்றைத் தாண்டும்வரை ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது நான் அன்று கற்ற பாடம்.

பாளையம் சுங்கச்சாவடிக்கு அருகே டீக்கடையில் ஏறிக்கொண்டேன். நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த வண்டி. மூன்றாம் நாளாக ஓடுகிறது, சரக்கு திருச்சிக்குப் போகிறது. ஓட்டுநர் நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர். "நாமக்கல்ல எறக்கி விட்டர்றனுங்க, ஏறிக்கோங்க சார்" என்றவர், எதற்காக இந்த வெயிலில் தொப்பூரில் நிற்கிறேன் என்று கேட்டார். பழைய படை ஒன்று வந்த வழியைப் பார்க்க வந்தேன் என்றேன். மிலிட்டரியா என்றார். ஆமாம், எழுநூறு வருஷத்துக்கு முந்தைய மிலிட்டரி.

1311 மார்ச் 10 அன்று டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூரின் படை துவாரசமுத்திரத்தை, அதாவது இன்றைய ஹளேபீடை, விட்டுத் தெற்கே கிளம்பியது. ஐந்து நாளில் மாபார் எல்லையை அடைந்தது என்று எழுதுகிறார் டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. மாபார் என்பது பாண்டிய நாட்டுக்கு அரபு வணிகர்கள் வைத்த பெயர், கடக்கும் இடம் என்று பொருள். எல்லையில் ஓங்கி நின்ற மலைக்கு இரண்டு கணவாய்கள். குஸ்ரு தரும் பெயர்களில் ஒன்று ஏட்டுக்கு ஏடு தர்மலி என்றும் சர்மலி என்றும் மாறுகிறது. மற்றது தபர். இந்தத் தபரில் தொப்பூரைக் கண்டார்கள் வரலாற்றாசிரியர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாற்றுப் பேராசிரியர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921இல் வெளியிட்ட நூல்தான் தென்னாட்டில் இப்படி ஊர் ஊராகத் தேடுவதற்கு வழி போட்டது. பாரசீக எழுத்தில் ஒற்றைப் புள்ளி இட்டால் 'அன்பு'வில் வரும் ப, மூன்று புள்ளி இட்டால் 'பழ'த்தில் வரும் ப. அந்தக் காலத்து எழுத்தர்கள் இரண்டுக்கும் ஒரே புள்ளியோடு நிறுத்திக்கொள்வது சாதாரணம். உயிர்க்குறி எழுதுவதும் அபூர்வம். தொப்பூர் என்று காதில் விழுந்தது தாளில் தபர் ஆவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

இரட்டைப் பாலம் தாண்டியதும் ஓட்டுநர் ஒரு பெருமூச்சு விட்டு, கேள்வியை எடுத்தார்.

"அந்த ஹளேபீடு எங்கிருக்குதுங்க?"

"ஹாசன் பக்கம்."

"அங்கிருந்து அஞ்சு நாள்லயா? ஆனையெல்லாம் கூட்டிட்டு வந்தாங்கன்னு சொன்னீங்களே. சமையலு, தீனி, தண்ணி பாக்கோணும். காடு வேற. முடியாதுங்க சார், யாரோ கணக்குத் தப்பா எழுதியிருக்கறாங்க."

நேர்கோடு போட்டாலே ஹளேபீடுக்கும் தொப்பூருக்கும் 250 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் அதிகம். இருபத்தைந்து வருடமாகத் தூரத்தை வைத்துப் பிழைக்கும் ஒருவர் சொன்ன சந்தேகத்தை நான் எந்த ஆய்வுக் கட்டுரையைவிடவும் குறைத்து மதிக்கவில்லை. குஸ்ரு சொல்லும் எல்லை வேறெங்காவது மேற்கே இருந்திருக்கலாம். நாள்கணக்கு டெல்லிக்குப் போன வெற்றிச் செய்தியிலேயே ஊதப்பட்டிருக்கலாம். குஸ்ரு இந்தப் பக்கம் படையோடு வந்தவர் இல்லை. டெல்லியில் உட்கார்ந்து, அனுப்பப்பட்ட அறிக்கைகளை வைத்து 'கஜாயினுல் ஃபுதூஹ்' எழுதினார். 'வெற்றிகளின் கருவூலம்' என்று பெயரே சொல்லிவிடுகிறது. அதன் உரைநடையில் ஒரு பத்தி முழுக்கத் தண்ணீர் உவமையாகவே ஓடும், அடுத்த பத்தி சதுரங்கக் காய்களாகவே நகரும். எந்த இடத்தில் செய்தி முடிந்து சிலேடை தொடங்குகிறது என்று பிரித்தெடுப்பது பலாச்சுளை உரிப்பது மாதிரி, கையெல்லாம் பிசின். கணவாய் தாண்டிய படை ஆற்றங்கரையில் தங்கியபின் 'மர்தி' என்றொரு கோட்டையைத் தாக்கியது என்கிறார். மர்தி என்றால் ஆண்மை. இது ஊர்ப்பெயரே அல்ல, எதிராளியைப் பழிக்கும் சொல்விளையாட்டு என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த ஊரை வரைபடத்தில் தேடிக் களைத்தவர்கள் பாவம்.

ஆனால் குஸ்ருவை வெறும் அரசவைப் புகழ்பாடி என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 1285இல் முல்தான் அருகே மங்கோலியர்களோடு நடந்த சண்டையில் அவருடைய புரவலனான இளவரசன் முகமது கொல்லப்பட்டான். குஸ்ரு சிறைப்பட்டார். பிடித்தவனின் மூட்டையைச் சுமந்து பாலையில் நடந்து, பிறகு தப்பித்தார். மங்கோலியன் என்றால் என்ன என்பது அவருக்கு ஏட்டிலிருந்து தெரிந்ததல்ல.

நான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதும் மங்கோலியர்களால்தான். அவர்களைப் பற்றிய பாரசீக வரலாறுகளைச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஏறிமிதித்த நாட்டிலேயே, அவர்களிடமே சம்பளம் வாங்கிய அதிகாரிகள் எழுதியவை. ஜுவைனி, பாக்தாத்தை 1258இல் அழித்த ஹுலாகுவின் ஆட்சியில் அதே பாக்தாத்துக்கு ஆளுநராக இருந்தவர். புகாராவிலிருந்து தப்பிவந்த ஒருவனிடம் அங்கே என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலாக அவர் எழுதும் வரியில் கிட்டத்தட்ட வினைச்சொற்களைத் தவிர எதுவும் கிடையாது. உலக வரலாறே எழுதத் துணிந்த ரஷீதுத்தீன் மருத்துவர், பிறகு அமைச்சர், 1318இல் மரண தண்டனை. மூன்றாமவர் வஸ்ஸாஃப், ஷீராஸ்காரர், வரி நிர்வாகத்தில் வேலை. ஜுவைனி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்று ஆரம்பித்தவர், 1312இல் மங்கோலிய சுல்தான் ஒல்ஜெய்துவின் முன் தன் நூலைக் கொண்டுபோய் வாசித்தார். நடை அவ்வளவு கடினம், சுல்தானுக்கே அருகிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது என்பார்கள்.

இந்த வஸ்ஸாஃபின் ஏட்டில், ஈரானியப் பீடபூமியின் கொள்ளிகளுக்கும் பிணங்களுக்கும் நடுவே, திடீரென்று குலசேகர பாண்டியன் வருகிறான். அவர் எழுத்தில் அவன் பெயர் கலேஸ் தேவர். கொல்லம் முதல் நெல்லூர் வரை கடற்கரை, சீனத்திலிருந்து வரும் பெரிய கப்பல்கள், மதுரைக் கருவூலத்தில் குவிந்த பொன், இரண்டு மகன்கள், தகப்பனைக் கொன்ற சுந்தர பாண்டியன் என்று பக்கம் பக்கமாக நம்மூர் விவகாரம். ஷீராஸில் இருந்த வரி அதிகாரிக்கு இதில் என்ன அக்கறை?

குதிரைதான் காரணம். பாரசீக வளைகுடாவில் கீஷ் தீவை மையமாக வைத்துக் கொழித்த ஜமாலுத்தீன் தீபி, மங்கோலிய அரசுக்காக ஃபார்ஸ் மாநில வரியைக் குத்தகைக்கு எடுத்தவர். அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சர், காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் கையில். அண்ணன் ஏற்றுகிறார், தம்பி இறக்குகிறார். ஜமாலுத்தீனின் சொந்த லாயத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரை. ஹுர்முஸ், கத்தீஃப், பஹ்ரைன் என்று எல்லாத் துறைகளும் சேர்ந்து 10,000. தலைக்கு 220 செம்பொன் தினார். கடலில் செத்துப்போனாலும் விலை உண்டு, பாண்டியன் கருவூலம் கொடுத்தாக வேண்டும். மொத்தம் 22 லட்சம் தினார். அது கோயில் வருமானத்திலிருந்தும் கணிகையர் மீதான வரியிலிருந்தும் போனது என்கிறார் வஸ்ஸாஃப். உவமை அணிகளின் காட்டில் இந்த எண்கள் மட்டும் சுத்தமாக நிற்கின்றன, பெருக்கிப் பார்த்தால் சரியாகவும் வருகின்றன. வரி ஆபீஸ்காரர் பேனா.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தபோது ஓட்டுநர் ஒரு இடத்தில்தான் நிமிர்ந்தார். "கடல்ல செத்தாலும் காசா? இங்க வெங்காயம் அழுகுனா வாடகையில புடிச்சர்றாங்களே!"

தீவட்டிப்பட்டி தாண்டியதும் சமவெளி விரிகிறது. இடது கைப்பக்கம் சேர்வராயன் மலை கூடவே வந்தது, மதிய வெயிலில் நீலம் வற்றிச் சாம்பலாக. ஓமலூர் கடந்து, சேலத்தைப் புறவழியில் விலகிப் போனோம். சேலம் பற்றிச் சொல்ல எனக்கு ஆயிரம் உண்டு, இந்தக் கதையில் ஒன்றுமில்லை. ராசிபுரம் நெருங்கும்போது சாலையோரக் கோயில் ஒன்றில் சுண்ணாம்பும் காவியும் பூசிய மண்குதிரைகள் வரிசையாக நின்றன, முன்கால் தூக்கி, பல் காட்டி. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பார்த்தேன். சேணம், மணிமாலை, கடிவாளம் எல்லாம் இருக்கிறது.

வஸ்ஸாஃபுக்கு நம்மவர்களின் குதிரை வளர்ப்பில் பெரிய மனக்குறை. வாற்கோதுமையை வறுத்தும் தானியத்தை நெய் கூட்டியும் கொடுக்கிறார்கள், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிப் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அப்புறம் பழக்காமல், அங்கவடிகூட இல்லாமல் பேய் மாதிரி ஏறி ஓட்டுகிறார்கள். எப்பேர்ப்பட்ட குதிரையும் கொஞ்ச நாளில் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. விருந்தாளிக்கு நெய்யும் பாலும் ஊற்றிக் கெடுப்பது நம் வழக்கம்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மார்கோ போலோவும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே புகாரைப் பதிவுசெய்திருக்கிறார், இந்த மண்ணில் நல்ல குட்டி பிறப்பதில்லை என்றும் சேர்த்து. இன்றைக்கும் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளில் பேசப்படுவது கத்தியவாரும் மார்வாரியும்தான்.

குட்டி என்றதும் இன்னொன்று. மாலிக் காஃபூர் கொண்டுபோன கொள்ளையில் 512 யானை, 5,000 குதிரை என்று குஸ்ரு அப்போதே எழுதினார். 1357இல் எழுதிய வரலாற்றாசிரியர் பரனியின் கணக்கில் யானை 612, குதிரை 20,000. தமிழ்நாட்டில் பெருகாத குதிரைகள் டெல்லி வரலாற்று நூல்களில் நன்றாகவே பெருகியிருக்கின்றன.

வண்டி மறுபடி கிளம்பியபோது ஓட்டுநரின் போன் அடித்தது. எடுத்தவர் பளிச்சென்ற இந்தியில் பேசினார், இடையிடையே மராத்தி. வைத்ததும், எங்கே கற்றீர்கள் என்றேன்.

"எங்கீங்க கத்துக்கறது? ரோட்லதான். கிளீனரா போனப்ப ஒண்ணும் தெரியாது. நாக்பூர் தாண்டி ராத்திரி டார்ச் அடிச்சு வண்டிய நிறுத்துனாங்க. போலீசா திருடனான்னு தெரியல. டிரைவர் அண்ணன் தூக்கத்துல இருக்கறாரு. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது தமிழு மட்டுந்தான். அன்னைக்கு விழுந்த அடியில கத்துக்கிட்டதுங்க இந்தி."

இதைக் கேட்டபோதுதான் அபாச்சியின் கதையை அவரிடம் சொல்லத் தோன்றியது. அதுவரை பொன்னும் குதிரையுமாகவே பேசிக்கொண்டு வந்திருந்தேன்.

அபாச்சி ஒரு மங்கோலியன். அலாவுதீன் கில்ஜியின் காலத்தில் மங்கோலியப் படைகள் திரும்பத் திரும்ப டெல்லிமேல் பாய்ந்தன. அதே சமயம் 1292 முதலே இஸ்லாத்தைத் தழுவி டெல்லிப் பக்கம் குடியேறிவிட்ட மங்கோலியர்களும் இருந்தார்கள். 'புது முஸ்லிம்கள்' என்று பெயர். பலருக்குப் படையில் வேலை. தெற்கே வந்த மாலிக் காஃபூரின் தளபதிகளில் அபாச்சியும் ஒருவன். வழியில் நாட்டின் நிலவரம் அறியத் தினமும் ஒரு தளபதி முன்னால் போக வேண்டும், உள்ளூர் மொழி தெரிந்த ஆட்களை அழைத்துக்கொண்டு. இதைச் சொல்பவர் இசாமி. பதினாறு வயதில், டெல்லியைக் காலிசெய்து தௌலதாபாதுக்குக் குடிபெயர்ந்த கூட்டத்தோடு தக்காணம் வந்தவர். தொண்ணூறு வயதுத் தாத்தா வழியிலேயே இறந்தார். 1350வாக்கில் பாமினி அரசின் நிழலில் 'ஃபுதூஹுஸ் ஸலாதீன்' என்ற நெடும் வரலாற்றைச் செய்யுளில் முடித்தார்.

அபாச்சியின் முறை வந்த நாளில் அவன் மனதில் வேறு கணக்கு. மாபார் மன்னனோடு சேர்ந்துவிடுவது, மாலிக் காஃபூரைக் கொன்றுவிடுவது. மொழி தெரிந்தவர்களிடம் பேசி, தன் ஆட்களோடு பாண்டியனைத் தேடிக் கிளம்பிவிட்டான். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஸ்டெப்பியில் வேர்விட்ட ஒருவன், டெல்லிச் சம்பளத்தில், தமிழ் மன்னனிடம் அடைக்கலம் கேட்டுப் போகும் இந்தக் காட்சியை நான் எந்த நாவலிலும் நம்பியிருக்க மாட்டேன். வழியில் பாண்டியர் படைப்பிரிவு ஒன்று எதிர்ப்பட்டது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வடக்கத்திக் குதிரைப்படை. நாங்கள் சண்டைக்கு வரவில்லை, உங்கள் பக்கம் சேர வருகிறோம் என்று சொல்ல வேண்டியவன் ஒரே ஒருவன், கூட வந்த மொழி தெரிந்தவன், அந்தத் துபாஷி. அவன் வாய் திறக்குமுன் அம்பு வந்துவிட்டது. அவன் விழுந்தான். இன்னும் சிலர் விழுந்தார்கள். அபாச்சிக்குச் சொல்ல மொழி இல்லை. திரும்பி ஓடினான்.

மாலிக் காஃபூருக்குச் செய்தி எட்டி, அபாச்சி சங்கிலியில் பிணைக்கப்பட்டான். டெல்லிக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதில் கசந்துபோன மங்கோலிய அமீர்கள் அலாவுதீனைக் கொல்லச் சதி செய்ய, சதி வெளிப்பட, நாட்டிலுள்ள மங்கோலியர் அத்தனை பேரையும் வெட்ட உத்தரவு போனது. இருபது முப்பதாயிரம் பேர் என்கிறார் பரனி. அவர்களில் பெரும்பாலோருக்குச் சதி பற்றி எதுவுமே தெரியாது என்றும் அவரே சொல்கிறார். பரனியின் எண்கள் குட்டி போடுபவை என்று இப்போதுதான் கிண்டல் செய்தேன். இந்த எண்ணை அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஓட்டுநர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நாமக்கல் நுழையும்போது, "கத்தியிருக்கோணும் அவன். தூரத்திலயே கத்தியிருக்கோணும்" என்றார் தனக்குத்தானே.

நாமக்கல்லில் இறங்கி, வெயில் தாழ்ந்தபின் பாறைமேல் ஏறினேன். ஊர் நடுவே ஒற்றைக் கல்லாக எழுந்து நிற்கும் மலை. மேலேயுள்ள கோட்டை காஃபூர் காலத்துக்குப் பிந்தியது. ஆனால் அடிவாரத்தில் குடைந்தெடுத்த நரசிம்மர், அரங்கநாதர் குகைகளுக்கு 1311இலேயே ஐந்நூறு வயது தாண்டியிருக்கும். உச்சியில் நின்றால் கிழக்கே கொல்லிமலை, தெற்கே காவிரியின் பசுமை. கீழே லாரி பாடி கட்டும் பட்டறைகளிலிருந்து தட்டும் சத்தம் மேலேவரை ஏறிவருகிறது. எழுநூறு ஆண்டுக்கு முன் வளைகுடாவில் குதிரை ஏற்றியவர்களைப் போல இந்த ஊர் இந்தியா முழுமைக்கும் வண்டி ஏற்றுகிறது, முட்டை ஏற்றுகிறது, கேஸ் டேங்கர் ஓட்டுகிறது. தமிழே காதில் விழாத தாபாக்களில் உட்கார்ந்து சோறா ரொட்டியா என்று பேரம்பேசத் தெரிந்தவர்கள் இங்கே வீட்டுக்கொருவர் உண்டு. குஸ்ரு 1318இல் எழுதிய 'நுஹ் சிபிஹ்ர்' நூலில் இந்திய மொழிகளைப் பட்டியலிடுகிறார். அதில் 'மாபாரி' என்று ஒன்று. நம் தமிழ்தான். படையெடுத்து ஏழு ஆண்டு கழித்து மொழிக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அதைப் பேசியவனுக்குக் கிடைக்கவில்லை. பாரசீக வரலாறுகளில் நம் நிலம் இரண்டு கணவாய், ஒரு ஆறு, கொஞ்சம் காடு, நிறையப் பொன். குதிரைக்குத் தீனி என்ன என்பதுவரை வஸ்ஸாஃப் குறித்தார். இசாமி தளபதிகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார், அபாச்சியின் துரோகமும் பெயரோடு நிற்கிறது. டெல்லியில் அத்தனை ஆயிரம் தலைகள் உருண்டதற்கும் பாண்டியன் பக்கம் ஒரு மங்கோலியன் போய்ச் சேராமல் போனதற்கும் நடுவே நின்றவன் 'மொழி தெரிந்தவன்' மட்டுமே. தமிழனா, கொங்குக்காரனா, துவாரசமுத்திரத்தில் பிடிபட்ட கன்னடக்காரனா, குதிரை வியாபாரிகளோடு திரிந்து நாலு மொழி கற்ற காயல்பட்டினத்து ஆளா? வற்புறுத்திக் கொண்டுவந்தார்களா, கூலிக்கு வந்தானா? நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் துலுக்கர் வந்த நாளிலே என்று காலக்குறிப்பாக ஒரு சொல் வரும், பெரும்பாலும் கோயில் நிலம், ஆவணம் சார்ந்த விவகாரத்தில். அங்கேயும் அவனுக்கு இடமில்லை. எங்கள் ஆளை எங்கள் அம்பே கொன்றது என்று எந்த ஊர்ச்சபை கல்லில் வெட்டும்?

மறுநாள் காலை மோகனூர் பஸ் பிடித்தேன். காஃபூரின் படை காவிரியை எந்தத் துறையில் தொட்டது என்று அடித்துச் சொல்ல யாராலும் ஆகாது. மலையிறங்கி இந்தச் சமவெளியில் தெற்கே நடந்த எவரும் இந்தக் கரையில் எங்காவது நின்றிருக்க வேண்டும் என்பது போதுமாக இருந்தது எனக்கு. பங்குனி மாதத்துக் காவிரி. மணல் பாதி, தண்ணீர் பாதி. எதிர்க்கரையில் வாங்கல், நடுவே நீளப் பாலம். அக்கரையில் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி, இந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த யாரையோ கூப்பிட்டார். குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. துவைத்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, என்னவென்று கையை ஆட்டினார்.

படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது ஓட்டுநர் கூப்பிட்டார்.

"சரக்கு எறக்கியாச்சுங்க சார். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. அந்த மொழி தெரிஞ்ச ஆளு, பேரு என்னன்னு சொன்னீங்க?"

"சொல்லலைங்க. எழுதி வைக்கலை."

"எந்த ஊருன்னு?"

"அதுவும் இல்லை."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் மார்க்கெட் இரைச்சல், யாரோ மூட்டை எண்ணும் குரல்.

"சரிங்க. எனக்கு ரிட்டர்ன் லோடு கிடைச்சிருச்சு, நாளைக்கு மறுபடி அந்தப் பக்கம். தொப்பூர் ஏறையில கூப்புடறனுங்க."